பிரான்சின் மலைச் சாலைகளில் அமைதியாகச் சைக்கிள் ஓட்ட எந்தப் பக்கம் போகலாம்?

ஒரு சாலை ஏன் காலியாகக் கிடக்கிறது? பிரான்சின் மலைப்பக்கம் சைக்கிளோடு கிளம்புகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. எந்தக் கணவாய் உயரம், எது தூர் த பிரான்ஸ் பந்தயத்தில் வந்தது என்று பார்த்துவிட்டு வோந்தூ மலைக்கோ ஆல்ப் துவெஸுக்கோ போய்விடுகிறார்கள். அங்கே போனால் கார், மோட்டார் சைக்கிள், கேம்பர் வேன் எல்லாம் அவர்களுக்கு முன்பே வந்து நிற்கின்றன. பெயர் பெற்ற மலை யாருக்கும் தனியாகக் கிடைப்பதில்லை.

சாலை காலியாக இருக்க மூன்று காரணங்கள் உண்டு. கார் வரக் கூடாது என்று தடை போட்டிருக்கலாம். அல்லது கார்காரர்களுக்குப் பக்கத்திலேயே இதைவிட நல்ல சாலை ஒன்று கிடைத்திருக்கலாம். அல்லது அந்தப் பக்கம் ஆளே இல்லாமல் போயிருக்கலாம். மூன்றும் காதுக்கு ஒரே அமைதிதான். ஆனால் தண்ணீர், கடை, ரயில் என்று வரும்போது மூன்றும் வேறு வேறு. அதனால்தான் தெற்கு பர்கண்டி, வெர்கோர் மலையும் அதன் கீழே துரோம் ஆற்றுப் பக்கமும், செவென், கந்தால் என்ற நான்கு இடங்களை இந்தக் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒரு வார விடுமுறை, பாரிசிலிருந்து ரயில், சாதாரண ரோடு சைக்கிள், ஒரு நாளைக்கு 60 முதல் 90 கி.மீ. ஓட்டும் உடம்பு. இதுதான் கணக்கு. பாரிசுக்குப் பக்கத்து ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கில் ஞாயிறு காலை ஓட்டிப் பழகிய ஒருவருக்கு இது எட்டாத கணக்கு இல்லை.

முதலில் அந்த நாட்டுச் சாலைகளைப் பற்றிக் கொஞ்சம். 'ஏ' என்று தொடங்குபவை நெடுஞ்சாலைகள், சைக்கிளுக்கு அனுமதி இல்லை. 'என்' என்பவை தேசியச் சாலைகள், லாரி ஓடும். நமக்கு வேண்டியது 'டி', அதாவது மாவட்டச் சாலைகள். நாடு முழுக்க இவை மூன்றரை லட்சம் கி.மீ.க்கும் மேல். பிரான்சில் ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள் இருக்கின்றன. நூறு பேர் வாழும் ஊருக்கும் தார்ச்சாலை போயாக வேண்டும் என்று ஒரு காலத்தில் போட்டு வைத்தார்கள். பிறகு ஊர்கள் சுருங்கின, சாலைகள் அப்படியே இருந்துவிட்டன. சைக்கிள்காரர்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய சொத்து அதுதான்.

ஆனால் எல்லா 'டி' சாலையும் அமைதியானது இல்லை. பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றை ஒட்டிப் போகும் 'டி' சாலை தேசியச் சாலைக்குச் சளைக்காமல் இரையும். நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான்: நடுவில் வெள்ளைக்கோடு இருக்கிறதா? கோடு போட முடியாத அளவுக்குக் குறுகிய சாலை என்றால் அவசரக்காரன் அதில் வரமாட்டான். வீட்டில் உட்கார்ந்தே கூகுள் தெருப்படத்தில் இதைப் பார்த்துவிடலாம். மிஷ்லன் தாள் வரைபடத்தில் வெள்ளையாகவும் மெல்லிய மஞ்சளாகவும் போட்ட சாலைகளைத் தேடுங்கள். அதில் ஏற்றத்துக்கு அம்புக்குறி இருக்கும். ஒரு அம்பு 5 முதல் 9 சதவீதம், இரண்டு அம்பு 13 வரை, மூன்று அம்பு அதற்கும் மேல். மூன்று அம்பைப் பார்த்தால் மூட்டை கட்டிய சைக்கிளோடு அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பது நல்லது.

சரி, இடங்களுக்கு வருவோம்.

தெற்கு பர்கண்டியில் இருப்பது முதல் வகை அமைதி. ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கி.மீ. பழைய ரயில் பாதையை எடுத்துவிட்டு, 1997இல் கார் இல்லாத பசுமைப் பாதையாகத் திறந்தார்கள். பிரான்சின் முதல் பசுமைப் பாதை அதுதான். நாட்டில் பல பசுமைப் பாதைகள் மண்ணும் பொடிக்கல்லுமாக இருக்கும். மெல்லிய டயரோடு போனால் கை நடுங்கும். ஆர்தேஷ் பக்கத்து தோல்ச்சே வியா பாதை மிக அழகானது, ஆனால் பெரும்பகுதி கல்பொடி. ஜிவ்ரி–க்ளூனி பாதை தார் போட்டது. வழியில் கோர்மத்தான் கோட்டை, தெசே குன்று, முடிவில் 910இல் தொடங்கிய க்ளூனி மடத்தின் எச்சங்கள். அங்கிருந்து மாக்கோன் பக்கம் தொடர்ந்தால் புவா கிளேர் சுரங்கம், 1.6 கி.மீ. நீளம். கோடையிலும் உள்ளே குளிரும். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுகிறார்கள். அப்போது மேலே கணவாய் ஏறித்தான் போக வேண்டும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், சாலையில் கார் பின்னால் வந்தாலே உடம்பு இறுகிப் போகிறவர்களுக்கும் நான் வேறு எந்த இடமும் சொல்ல மாட்டேன். ஆனால் ரயில் பாதை என்பது ரயிலுக்காகப் போட்டது. ரயில் மலை ஏறாது, மலையைச் சுற்றிப் போகும். எனவே மலை வேண்டும் என்று வந்தவருக்கு இரண்டாம் நாளே மனம் பக்கத்துக் குன்றுகளைத் தேடும். 493 மீட்டர் சொலுத்ரே பாறை, பிரான்சியோன் கிராமம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒற்றைத் தடச் சாலைகள் எல்லாம் இருக்கின்றன. மூன்று நாளைக்கு அருமை. ஒரு வாரத்துக்குக் காணாது.

அடுத்து வெர்கோர். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் நான்கில் மிகவும் குழப்பம் தருவது இதுதான்.

வெர்கோர் ஒரு சுண்ணாம்புக்கல் கோட்டை. சுற்றிலும் செங்குத்துப் பாறை, மேலே காடும் புல்வெளியும். 19ஆம் நூற்றாண்டில் மேலிருந்த காட்டு மரத்தைக் கீழே கொண்டுவர வழி தேவைப்பட்டது; பாறையைக் குடைந்து சாலை போட்டார்கள். கோம்ப் லவால் சாலை 1861இல் தொடங்கி 1898 வரை இழுத்தது. சேன்-ஜான்-ஆன்-ருவாயானிலிருந்து 1011 மீட்டர் உயரத்து மஷீன் கணவாய்க்கு ஏறும் டி76 அது. ஒரு பக்கம் தலைக்கு மேல் பாறை கவிந்து நிற்கும், மறுபக்கம் இடுப்பளவு கல்சுவர், அதற்கப்பால் நூற்றுக்கணக்கான மீட்டர் வெறும் காற்று. ஏற்றம் என்னவோ மிதமானதுதான். மரம் ஏற்றிய மாட்டுவண்டிக்காகப் போட்ட சாலைகளின் நல்ல குணம் அது. மாட்டால் முடியாத சரிவில் சாலை போட்டுப் பயன் இல்லையே.

இவ்வளவு அழகான இடத்துக்குக் கார்காரர்களும் வருவார்கள். ஜூலை, ஆகஸ்டு வார இறுதியில் பகல் 11 மணிக்கு அங்கே போனால் அமைதி கிடைக்காது. காலை 8 மணிக்கு முன் ஏறினால் அதே சாலையில் நீங்கள் மட்டும்தான். பூர்ன் பள்ளத்தாக்குச் சாலையை மட்டும் எந்த நேரத்திலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மலைமேல் ஊர்களுக்குப் போகும் முக்கிய வழி, அகலமும் குறைவு. இன்னொன்று, இங்கே பாறை விழும். கிரான் கூலே என்ற புகழ்பெற்ற பழைய பாறைச் சாலை 2005இல் மூடப்பட்டது. 2008இல் அதற்குப் பதிலாகச் சுரங்கம் திறந்தார்கள். மற்ற சாலைகளும் வாரக் கணக்கில் மூடப்படுவதுண்டு. கிளம்பும் முன் மாவட்டத்தின் சாலைத் தகவல் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்.

அப்படியானால் வெர்கோர் வேண்டாமா? வேண்டும், ஆனால் தெற்கே தள்ளி. துரோம் ஆற்றங்கரையில் ஓர் ஊர் இருக்கிறது. பெயரைச் சொன்னால் தமிழில் 'தீ' என்றே காதில் விழும். தீயிலிருந்து ரூசே கணவாய்க்கு ஏறினால் 20 கி.மீ., 1254 மீட்டர், சராசரி நாலு சதவீதத்துக்குச் சற்று மேல். உச்சியில் ஒரு சுரங்கம். இந்தப் பக்கம் லவண்டர் வாசமும் வெயிலுமாகத் தெற்கத்திக் காற்று. சுரங்கத்தைத் தாண்டினால் ஊசியிலைக் காடும் குளிரும். சுரங்கத்துக்கு முன்பே ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்பால் சற்றுத் தள்ளி வாசியே என்ற ஊர். 1944 ஜூலையில் ஜெர்மன் படை இந்த ஊரை அழித்து மக்களைக் கொன்றது. எதிர்ப்பு வீரர்களின் கல்லறைத் தோட்டம் சாலையோரமே இருக்கிறது. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ஐந்து நிமிடம் நிற்காமல் அதைக் கடக்க என்னால் முடிந்ததில்லை.

ஆனால் என் மனம் நிற்பது தீயைச் சுற்றிய மற்ற கணவாய்களில்தான். பள்ளத்தாக்கின் அடியில் டி93 இருக்கிறது, அவசரம் உள்ள வண்டி எல்லாம் அதில் போய்விடுகிறது. அதனால் இருபுறமும் கிளை பிரியும் மலைச் சாலைகள் நாள் முழுக்கக் காலி. ஷாத்தியோனிலிருந்து மெனே கணவாய்க்கு ஏறினால் சுரங்கத்தின் மறுபக்கம் மோன் எகுய்யி மலை எதிரே வந்து நிற்கும். 1492இல் எட்டாம் சார்ல் மன்னன் ஆணையின் பேரில் ஏணியும் கயிறுமாக ஏறிய பாறை அது. தெற்கே ரோவான் ஓடையை ஒட்டிப் போனால் 'பாலைவனத்துச் சேன்-நசேர்' என்று பொருள்படும் பெயரில் ஒரு கிராமம். பெயருக்கேற்ற வெறுமை, ஆனால் ஒரு மணி நேரம் உருண்டு இறங்கினால் ரயில் பாதைக்கு வந்துவிடலாம். இதுதான் இரண்டாம் வகை அமைதி. பக்கத்தில் ஒரு பெரிய சாலை உழைப்பதால் நமக்குக் கிடைக்கும் ஓய்வு. நினைத்தபோது ஊருக்குத் திரும்பலாம், ரொட்டிக்கடை உண்டு, ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம். துரோம் ஆற்றின் குறுக்கே பெரிய அணை எதுவும் கட்டவில்லை. தண்ணீர் தெளிந்து ஓடும்.

செவென் வேறு உலகம். இங்கே இருப்பது மூன்றாம் வகை அமைதி: ஆள் இல்லாத அமைதி. இதன் வடபகுதியான லோசேர் பிரான்சிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம். எண்பதாயிரம் பேர்கூட இல்லை. ஒரு காலத்தில் இப்படி இல்லை. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல்சுவர் கட்டி மல்பெரியும் செஸ்ட்நட்டும் வளர்த்தார்கள். பட்டு நெய்த பணம் புழங்கியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பட்டுப்புழுவுக்கு நோய் வந்தது. லூயி பாஸ்தரே 1865இல் அலேஸ் ஊருக்கு வந்து ஆராய வேண்டியிருந்தது. பிறகு வெளிநாட்டுப் பட்டு வந்தது, செஸ்ட்நட் மரங்களுக்கும் நோய் வந்தது, மக்கள் இறங்கிப் போனார்கள். இன்று ஏறும்போது காட்டுக்குள் அந்தக் கல்படிகள் தெரியும். யார் வீட்டு வயலோ என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

சாலைகளுக்கும் கதை உண்டு. ஃப்ளோராக் பக்கமிருந்து சேன்-ஜான்-து-கார் போகும் மலைமுகட்டுச் சாலை, புராட்டஸ்டன்ட் மக்களின் கிளர்ச்சியை அடக்கப் படைகள் போய்வர அகலப்படுத்தியது. 1702இல் அந்தக் கிளர்ச்சி தொடங்கிய போன்-த-மோன்வேர் கிராமம் இன்றும் தார்ன் ஆற்றின் இரு கரையிலும் கருங்கல் வீடுகளாக நிற்கிறது. அங்கிருந்து ஃபினியேல் கணவாய், 1541 மீட்டர். பன்னிரண்டு கி.மீ. ஏற்றத்தில் முதலில் மரம், பிறகு மஞ்சள் பூப் புதர், கடைசியில் உருண்டைப் பாறைகளும் புல்லும் காற்றும் மட்டும். வார நாளில் போனால் எதிர்ப்படும் கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்குப் பிரான்சில் இதைவிடப் பிடித்த ஏற்றம் இல்லை.

இந்த அமைதிக்குக் கொடுக்க வேண்டிய விலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு திங்கட்கிழமை, 30 கி.மீ. தாண்டி ஒரு சின்ன ஊரில் காலை உணவு வாங்கலாம் என்று போனேன். ரொட்டிக்கடை திங்கள் விடுமுறை. மளிகைக்கடை ஞாயிறு திறந்ததற்காகத் திங்கள் மூடல். காபிக்கடையில் காபி இருந்தது, சாப்பிட ஒன்றும் இல்லை. அடுத்த கடைக்கு நடுவில் இரண்டு கணவாய். பையில் கிடந்த ஆறு பேரீச்சம்பழம்தான் என்னை அன்றைக்குக் கொண்டு சேர்த்தது. அதிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். பொதுவாகவே கிராமக் கடைகள் பகல் 12 முதல் இரண்டு மூன்று மணி வரை மூடிக் கிடக்கும், ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. தண்ணீருக்கு ஒரு வழி இருக்கிறது: ஊர் எல்லையில் கல்லறைத் தோட்டம் இருக்கும், பூச்செடிக்கு ஊற்றுவதற்காக உள்ளே ஒரு குழாய் வைத்திருப்பார்கள். 'குடிக்க உகந்ததல்ல' என்ற பலகை இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செவென்னில் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. தார்ன் பள்ளத்தாக்கு அடியில் போகும் சாலை கோடையில் வண்டிகளால் அடைத்துக்கொள்ளும். முகட்டுச் சாலையில் சனி, ஞாயிறு மோட்டார் சைக்கிள் கூட்டம். செப்டம்பர் கடைசிக்கு மேல் மழை ஆபத்து: மத்தியதரைக் கடலின் ஈரக்காற்று இந்த மலையில் மோதி ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிடும். 1567 மீட்டர் ஏகுவால் உச்சியில் 1894இலேயே வானிலைக் கோபுரம் கட்டினார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. சிறு சாலைகளில் கோடையில் புதுச் சரளை கொட்டித் தார் பூசுவார்கள். இறக்கத்தில் சரளைப் பலகை கண்டால் வேகத்தை உடனே குறைக்க வேண்டும். 28 மி.மீ. டயருக்குக் குறையாமல் போடுங்கள்.

கந்தால், பழைய எரிமலைகளின் நாடு. இங்கே எல்லாரும் ஏறத் துடிப்பது புய் மரி மலையின் தோளில் இருக்கும் பெரோல் கணவாய். 1589 மீட்டர் அளவில் மத்திய மலைத்தொகுதியின் மிக உயர்ந்த சாலைக் கணவாய். மேற்கிலிருந்து ஏறினால் கடைசி இரண்டு கி.மீ. பத்து சதவீதத்துக்கு மேல், மூச்சு வாங்கிவிடும். குளிர்காலத்தில் பனியால் மூடி, பல ஆண்டுகளில் மே மாதம்தான் முழுதாகத் திறப்பார்கள். கோடையில் உச்சியில் கார் நிறுத்த இடம் தேடும் கூட்டம். அமைதிக்காகப் போகிறவர் இதை ஒரு விடியற்காலையில் முடித்துவிட்டு வடக்கே செசாலியே மேட்டுநிலத்துக்குப் போக வேண்டும். அலான்ஷ் ஊரைச் சுற்றி மரமே இல்லாத புல்வெளி, சிவந்த சாலேர் மாடுகள், இடையன்கள் பாலாடைக்கட்டி செய்த கல்குடில்கள். ஏற்றங்கள் மென்மையானவை. ஆனால் காற்றை மறைக்க ஒரு புதர்கூட இல்லை. மேற்குக் காற்று எதிரே அடிக்கும் நாளில் சமதரையே மலையாகிவிடும். மழையும் இங்கே அதிகம். நல்ல வானிலை வாய்த்தால் நான்கில் மிகப் பரந்த வானம் இதுதான், வாய்க்காவிட்டால் விடுதி அறையில் உட்கார வேண்டிவரும். ஒரே வாரம் கையில் இருப்பவர் அந்தப் பந்தயத்தில் இறங்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஆல்ப்சை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். கோடையில் சில நாட்கள் காலையில் இசோவார் போன்ற பெரிய கணவாய்களைக் காருக்கு மூடிச் சைக்கிளுக்கு மட்டும் திறக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. தேதி பார்த்து ஒரு நாள் போகலாம், ஒரு வாரத்தை அதை நம்பி அமைக்க முடியாது. வோஸ் மலைகளின் முகட்டுச் சாலையில் வார இறுதியில் மோட்டார் சைக்கிள் சத்தம்தான் மிச்சம்.

ரயில் வசதியில் பர்கண்டி முதலிடம். பாரிசிலிருந்து திஜோன் வழி லியோன் போகும் பிராந்திய ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்றி ஷாலோனில் இறங்கலாம். துரோம் பக்கத்துக்கு வலான்ஸ் வரை அதிவேக ரயில், அங்கிருந்து கப் என்ற ஊருக்குப் போகும் பாதையில் சையான், தீ நிலையங்கள். பிரியான்சோன் போகும் இரவு ரயிலும் தீயில் நிற்கும். பாதைப் பணிகளுக்காக ரயிலை நிறுத்துவதும் உண்டு, முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். செவென்னுக்கு நீம்–க்ளேர்மோன் பாதையில் ஜெனோலாக்கிலோ வில்ஃபோரிலோ இறங்கலாம். இறங்கிய இடத்திலேயே மலை தொடங்கிவிடும், ஆனால் ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான். ஒன்றைத் தவறவிட்டால் பொழுது போய்விடும்.

மாதம் என்றால் நான்குக்கும் ஜூனும் செப்டம்பர் முதல் பாதியும். ஜூலை 14 முதல் ஆகஸ்டு 15 வரை நாடே விடுமுறையில் இருக்கும், சிறு சாலைக்கும் ஒரு பங்கு வந்து சேரும். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம். மலைப்பக்கத்து ஓட்டுநர்கள் பெரும்பாலும் மதிக்கிறார்கள். வளைவில் பொறுமையாகப் பின்னாலேயே வருவார்கள். இருட்டிலும் மூடுபனியிலும் ஊருக்கு வெளியே ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். கியரைப் பொறுத்தவரை முன்னால் 34, பின்னால் 32 அல்லது 34 பல் இருந்தால் இங்கே சொன்ன எல்லாவற்றையும் உட்கார்ந்தே ஏறலாம், பெரோல் கணவாயின் கடைசிப் பகுதியைத் தவிர.

முதல் முறை போகிறவர் என்னிடம் கேட்டால் தீயும் துரோம் பக்கமும் என்றுதான் சொல்வேன். ஒரே ஊரில் தங்கி, மூட்டையை அறையில் வைத்துவிட்டு, தினம் ஒரு கணவாய். கால் வலிக்கும் நாளில் ஆற்றங்கரை. மலையும் உண்டு, திரும்பிவர வழியும் உண்டு. ஏற்கெனவே மலை ஓட்டிப் பழகி, தனிமை தன்னை ஒன்றும் செய்யாது என்று தெரிந்தவர் நேரே செவென் போகலாம். தனியாக வேண்டாம், துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பல பள்ளத்தாக்குகளில் கைபேசிக்கு அலை கிடைக்காது. குழந்தைகள் இருந்தால் பர்கண்டி, இரண்டாம் எண்ணமே வேண்டாம்.

துரோம் என்று முடிவு செய்தவருக்கு முதல் நாள் ஓட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சையான் நிலையத்தில் இறங்குங்கள், ஆற்றைக் கடந்ததும் டி156 தெற்கே திரும்பும், 1047 மீட்டர் ஷோதியேர் கணவாய்க்கு. நேரே எதிரில் மூன்று பறவை அலகுகள் போல நிற்கும் பாறைகள். முதலில் மெதுவாகத்தான் ஏறும், பிறகு ஓக் மரங்களுக்கு நடுவே இறுகும். அப்புறம் பூர்தோ வரை இறக்கம். ஒயினுக்குப் பேர்போன பெரிய நகரம் அல்ல இது, வேறு எழுத்தில் எழுதும் சின்ன ஊர். கிளம்பும் முன் சையானிலேயே இரண்டு புட்டியையும் நிரப்பிக்கொள்ளுங்கள், ரொட்டியையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். கணவாய் தாண்டும் வரை கடையை எதிர்பார்க்க வேண்டாம்.